தண்ணீர் பார்க்க விட்ட மீன்

பிறர் வருவதற்காக ஒரு வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டவள், அந்தப் பிறர் வந்து சேர்ந்துவிட்ட பிறகு அந்த வீட்டில் யார்? யின்தியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அவள் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. விடியுமுன் எழுந்து சோயாப் பால் காய்ச்சுகிறவளுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் கைக்கு இடைஞ்சல். கேள்வியை அவளுக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

யின்தி என்றால் தம்பியை இட்டு வருபவள். காவ்ஷியுங் துறைமுகத்தை ஒட்டிய யென்செங் பகுதியில், உடைத்த கப்பல்களின் இரும்புச் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒரு தம்பதிக்கு நெடுநாள் பிள்ளை இல்லை. பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்தால் அதன் பின்னாலேயே ஆண் குழந்தை வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ அந்தக் காலத்தில் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். பெங்ஹு தீவில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றில் பெண்கள் மிகுந்துபோயிருந்தார்கள். அங்கிருந்து படகில் வந்தாள், நடக்கத் தொடங்கியிருந்த யின்தி. அவள் நன்றாக ஓடப் பழகுவதற்குள் தம்பி பிறந்துவிட்டான். அவனுக்கு தியென்ஸு என்று பெயர் வைத்தார்கள். வானம் கொடுத்தவன் என்று பொருள். இட்டு வந்தவள் ஒருத்தி, நன்றி வானத்துக்கு. இதில் யாருக்கும் முரண் தெரியவில்லை.

"வேலை முடிஞ்சுதே, இனிமே இதை ஊருக்கு அனுப்பிடலாமே" என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாளாம். அதற்கு அப்பா, "அவ கஞ்சி ஒண்ணும் பெருசா குடிக்கிறதில்லையே, இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். அது அன்பா, கணக்கா என்று யின்தி ஆராய்ந்தது கிடையாது. பின்னாளில் தன் காலை உணவுக் கடையில் முட்டைச் சுருளைத் திருப்பிப் போட்டபடியே இந்தக் கதையை வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். கடைசி வரிக்கு அவளே முதலில் சிரித்துவிடுவதால் கேட்பவர்களும் சிரிக்க வேண்டியதாகிவிடும்.

தம்பி பிறந்த பிறகு அவள் கைராசி தெருவில் பேச்சாயிற்று. பிள்ளைக்கு ஏங்கிய பெண்கள் அவளை இரவல் வாங்கிப் போவார்கள். தங்கள் கட்டிலில் உட்காரவைத்து, கையில் வேர்க்கடலை மிட்டாய் கொடுத்து, வயிற்றைத் தொடச் சொல்வார்கள். சிலருக்குப் பையன் பிறந்தது, சிலருக்குப் பெண். பெண் பெற்றவர்கள் மிட்டாயை நிறுத்திக்கொண்டார்கள். அவளைப் போன்ற பெயர் கொண்ட பெண்கள் பலர் பிற்காலத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போய் மலரோ நிலவோ சேர்த்துப் புதுப்பெயர் எழுதிக்கொண்டார்கள். "நீயும் மாத்திக்கோயேன்" என்று கணவன் வென்ஷோங் சொன்னபோது, "கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அதுக்குத்தானே பேரு? மாத்திட்டா ஒரு வருஷத்துக்கு யாரையோ கூப்பிடுறாங்கன்னு சும்மா நிப்பேன், முட்டை தீஞ்சு போகும்" என்றாள்.

வென்ஷோங் டாக்சி ஓட்டுபவர். சும்மா கிடைக்கிற எதையும் விடமாட்டார். கடைக்குத் தினமும் சாப்பிட வந்துகொண்டிருந்த இளம் பொறியாளர் ஒருவன் வடக்கே வேலை மாற்றலாகிப் போனபோது, அவன் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியை எடுத்துப் போக ஆளில்லை. கடல்நீரும் பவளமும் வைக்கிற பெரிய தொட்டி; அடியில் நீர் சுற்றும் எந்திரம், மேலே நீல விளக்கு. வென்ஷோங் நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு அதை அவர்கள் குடியிருந்த, யின்தியின் அப்பா அம்மாவின் பழைய வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். முதல் தடவை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றும் நாள் வந்தபோது அவருக்கு முதுகுவலி வந்தது. அன்றிலிருந்து தொட்டி யின்தியுடையது.

மீனுக்காக லாயின் கடைக்குப் போனார்கள். லாய் நாற்பதைத் தாண்டியவன். எப்போதும் ரப்பர் செருப்பு, எப்போதும் ஈரத் தரை. உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறோம், நல்ல மீனாக நாலைந்து கொடு என்று வென்ஷோங் கேட்டதும் லாய் கையை ஆட்டினான்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. புதுத் தண்ணி பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருத்தன் உள்ள போய்ப் பாத்துச் சொல்லணும்." வாளியிலிருந்து ஒரு சின்னக் கருப்பு மீனைக் கோரியெடுத்தான். நெற்றியில் ஒன்று, விலாவில் பக்கத்துக்கு ஒன்று என்று வெள்ளைப் பொட்டுகள். "இதுக்குப் பேரே தண்ணி பாக்குற மீன். விலையும் ஒண்ணுமில்ல. கொண்டுபோய் அப்படியே கவுத்துவிடுங்க."

"செத்துப்போனா?" என்று கேட்டாள் யின்தி.

"அதுவும் ஒரு பதில்தானேக்கா."

மீன் சாகவில்லை. வாரங்கள் போயின, பாறைகளில் ஊதாப் பூச்சுப் படர்ந்தது, பவளத் துண்டுகள் கிளைவிட்டன. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று, பொட்டுகளை வைத்து மூன்றுபொட்டு என்று அவர்கள் அழைத்த அந்த மீன் சொல்லிவிட்டது. நல்ல மீன்கள் வரலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. மீன் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தும் எல்லாரும் செய்கிற கோளாறு. செத்தால் போகட்டும் என்று உள்ளே விடப்பட்டது, சாகாமல் போனால், அந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறது. நினைப்பதற்கு அதற்கு நியாயமும் இருக்கிறது. அது வந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை.

யின்தி முதலில் வாங்கிவந்தது சிவந்த வாலை விசிறிபோல் ஆட்டும் ஓர் இணை. மூன்றுபொட்டு அவற்றை மூலையிலிருந்து மூலைக்கு விரட்டியது. மறுநாள் ஒன்று காணவில்லை. தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் அது காய்ந்து கிடந்ததைக் கண்டுபிடித்த வென்ஷோங், "கருவாடு ரெடி, கஞ்சி வை" என்றார். யின்தி அன்று அவருக்குக் கஞ்சி வைக்கவில்லை. அடுத்து மஞ்சள் தட்டைமீன். அதைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தாள். மூன்றுபொட்டு ஒரு வாரமும் பெட்டியை முட்டியது. தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக் களைத்துவிடும் என்று லாய் யோசனை சொன்னான். அதையும் செய்தாள். நாள் முழுக்கப் பிம்பத்தோடு சண்டை போட்டுவிட்டு, மறுநாள் பயிற்சி பெற்ற வீரனாக மஞ்சள் மீனின் வாலைப் பாதியாக்கியது. மஞ்சள் மீனையும், இணையில் மிஞ்சியிருந்த சிவப்பு வாலையும் லாயிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

வென்ஷோங் அதற்கு 'வார்டுத் தலைவர்' என்று பட்டம் சூட்டினார். "தேர்தலே வெக்காம ஆயுசுக்கும் பதவி. நம்ம வார்டுல கூட இப்படி ஒருத்தர் இல்ல" என்பார். கண்ணாடியைத் துடைக்க யின்தி கையை விட்டால் அவளையும் கடிக்கும். விரல் முட்டியில் எப்போதும் ஒரு சிறு காயம். கடைக்கு வருகிறவர்கள் எண்ணெய் தெறித்ததா என்று கேட்டால், "இல்ல, வீட்டுக்காரன் கடிச்சான்" என்பாள். வென்ஷோங் பதறிப்போய், "மீனு, மீனு" என்று விளக்குவார்.

வருடங்கள் போயின. வயதேற ஏற அந்த இன மீனுக்குப் பொட்டு மங்கிவிடும். இப்போது அது முழுக் கருப்பு, உள்ளங்கை அகலம், பெயர் மட்டும்தான் மூன்றுபொட்டு. தொட்டியில் அதனோடு வாழக் கற்றுக்கொண்டவை ஒரு பொந்துமீன், பொந்துமீனோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் கண் தெரியாத இறால், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சில துறவி நண்டுகள். எல்லாம் அதன் கண்ணில் படாமல் வாழ்கிறவை. பவளங்கள் மட்டும் ஒரு தோட்டம்போல் செழித்திருந்தன. அழகான தொட்டி என்று சொல்லலாம். ஆளில்லாத அழகு.

கல்லறை துடைக்கும் நாளுக்கு தியென்ஸு தைப்பேயிலிருந்து வந்தான். காப்பீட்டு நிறுவனத்தில் மேலதிகாரி. தலை முன்பக்கம் வழுக்கை. ஆனாலும் அக்காவின் சமையலறையில் நுழைந்ததும் சின்ன வயசில் போலவே பானை மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறவன். வாரம் தவறாமல் தொலைபேசுவான். அவனைப் பற்றிக் குறை சொல்ல யின்தியிடம் எதுவும் இல்லை, அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஊரைச் சுற்றுவான் என்பதைத் தவிர.

அப்பா அம்மாவின் கல்லறையில் புல் பிடுங்கி, பழம் வைத்து, பத்தி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மெல்லிய மாவுத்தாளில் காய்கறியும் கடலைப்பொடியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தியென்ஸு மூன்றாவது சுருளைக் கையிலேயே வைத்திருந்தான்.

"டேய், அது ஒழுகுது. தின்னு, இல்ல சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?"

"பையனுக்குக் கல்யாணமாகி அஞ்சாறு வருஷம் ஆச்சு. ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போறாங்க. குறை ஒண்ணும் இல்லைங்கறாங்க." அவன் சுருளைக் கீழே வைத்தான். "நீ சிரிக்கக் கூடாது. கோயில்ல கேட்டேன்."

"நீயா? நீ பத்தி கொளுத்தினாலே தும்முவியே."

"சிரிக்காதேன்னு சொன்னேன்ல. சீலினைக் கும்பிடச் சொன்னாங்க."

சீலின் கோயில் படங்களில் வரும் மிருகம். மானின் உடலும் டிராகன் தலையும் செதிலுமாக, முதுகில் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும். பிள்ளை கொடுக்கிற மிருகம்.

"லாய் கடையில அந்தப் பேர்ல ஒரு மீன் இருக்குல்ல? பச்சையும் ஆரஞ்சுமா கோலம் போட்ட மாதிரி. போன தடவை உன்கூட வந்தப்ப பாத்தேன். அது உன் தொட்டியில இருந்தா... நீ வளத்தா..." தியென்ஸு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னை இட்டுட்டு வந்தவ நீதானேக்கா. உன் கையிலதான் அந்த ராசி இருக்கு. நான் வாங்கி என் வீட்ல வெச்சா அது வெறும் மீனு."

யின்தி ஒரு மாவுத்தாளை எடுத்துக் காய் வைத்துச் சுருட்டி முடித்தாள். ஐம்பத்தைந்து வயதான ஒருவன், ஆயிரம் பேரின் ஆயுளுக்கு விலை கணக்கிடுகிறவன், பெயரில் எழுதிய வேலையைப் பெயர் செய்யும் என்று நம்புகிறான். அவன் முட்டாள் என்பதால் அப்படி நம்பவில்லை. அவன் பிறந்ததே அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக அல்லவா?

"சரி, லாயைக் கேப்போம்" என்றாள்.

லாய் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "சீலின் விடறதுக்கு உங்க தொட்டிதான்க்கா சரி. அது தூவற தீனியெல்லாம் தின்னாது. பாறையில ஊர்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில விட்டா பட்டினி கெடந்து சாகும். உங்க பாறை பழுத்த பாறை. ஆனா அவன் இருக்கானே!"

"மூணுபொட்டா?"

"வேற யாரு? சீலின் ஆமை மாதிரி நகரும். இவன் ஒரே நாள்ல கிழிச்சுடுவான். ஒண்ணு செய்யலாம். நான் வந்து அவனைப் பிடிச்சுட்டுப் போறேன். ஃபெங்ஷான்ல ஒரு பல் டாக்டர் புதுசா பெரிய தொட்டி வெச்சிருக்காரு. தண்ணி பாக்கறதுக்கு மீன் கேட்டுட்டே இருக்காரு. இவன் ஏற்கெனவே பாஸானவன்தானே? இன்னொரு தரம் பாக்கட்டுமே!" லாய் தன் யோசனையில் தானே மகிழ்ந்து சிரித்தான். "பொறந்ததே அதுக்குத்தானேக்கா."

தியென்ஸு உடனே சரி என்றான். வென்ஷோங், "வார்டுத் தலைவருக்கு இடமாற்றல்" என்றார். யின்தி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சீலினுக்கு முன்பணம் கொடுக்கத் தம்பி பையைத் திறந்தபோது அவள் வெளியே போய் நின்றாள். யோசிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் செருப்பில் ஏறிய ஈரத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் அவள் கடையில் வழக்கம்போலத்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றுபொட்டு கண்ணாடியோரம் வந்து அவளைப் பார்க்கும். அது பாசத்தால் வருகிறது என்று நினைக்குமளவுக்கு அவள் வெகுளி அல்ல. தீனிக்கு வருகிறது. தீனி போட்டால் தின்னும். தின்றுவிட்டு, போட்ட கையைக் கடிக்கும்.

"அதுக்கு நன்றியெல்லாம் கெடையாது, தெரியும்ல?" என்றார் வென்ஷோங்.

"அது எதுக்கு நன்றி சொல்லணும்?" என்றாள் அவள்.

அவர் டாக்சியைக் கழுவப் போனார்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை தியென்ஸு காலை ரயிலில் வந்து, லாய் கடையில் இறங்கி, சீலின் இருந்த பையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பின்னால் லாய், வலையும் வாளியுமாக. பல் டாக்டர் மாலைக்குள் வரச் சொல்லியிருக்கிறார் என்றான்.

பையைக் கட்டவிழ்க்காமலேயே தொட்டியில் மிதக்கவிட்டார்கள், வெப்பம் ஒன்றாகட்டும் என்று. மூன்றுபொட்டு வந்து பையை முட்டியது. உள்ளே சீலின், கோயில் கூரைச் சிற்பம் உயிர்பெற்றதுபோல் விசிறிச் செட்டையை மெல்ல அசைத்தபடி, எதையும் கண்டுகொள்ளாமல் இருந்தது. பிறகு அதை ஒரு வாளியில் ஊற்றி, மெல்லிய குழாயைத் தொட்டியிலிருந்து வாளிக்கு இழுத்து, குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்தான் லாய். வந்த தண்ணீருக்கும் போகிற தண்ணீருக்கும் உப்பிலும் சூட்டிலும் வித்தியாசம் இருக்கும். திடீரென்று மாற்றினால் மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். தண்ணீர் பழக்குவது என்பார்கள்.

"இவ்வளவு மெதுவாவா?" என்றான் தியென்ஸு.

"ராஜ உபசாரம் சார். நல்ல மீனுக்கு இப்படித்தான்."

"அந்தக் கருப்பு மீனுக்கும் இப்படிச் செஞ்சீங்களாக்கா?"

லாய் முந்திக்கொண்டான். "தண்ணி பாக்குற மீனுக்கு யாரு சார் இதெல்லாம் செய்வா? பழக்கிவிட்டா தண்ணி நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்? கவுத்துட்டுப் போகவேண்டியதுதான்."

யின்தி சட்டைக் கையைச் சுருட்டினாள். "சொட்டட்டும். அதுக்குள்ள பாறையை எல்லாம் எடுப்போம். இருக்கற இடம் இருக்கற மாதிரியே இருந்தா அவனைப் பிடிக்க முடியாது. டேய், கடிகாரத்தைக் கழட்டிட்டு வா."

அக்காவும் தம்பியும் தோள்வரை தண்ணீரில் கையை விட்டுப் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளிகளில் வைத்தார்கள். பவளக் கிளை உடையாமல் எடுக்க வேண்டும். தியென்ஸுவுக்குப் பழக்கமில்லை. "மெதுவாடா, அது காப்பீடு பண்ணினது இல்ல" என்றாள். தண்ணீர் கலங்கி வந்தது. மறைவிடங்கள் ஒவ்வொன்றாகப் போக, மூன்றுபொட்டு வெறிபிடித்ததுபோல் சுற்றியது.

"ஆ! கடிக்குதுக்கா! ரத்தம் பாரு!"

"புதுசா வந்தவங்களை அது கடிக்கும்."

"நான் புதுசா? இது நான் பொறந்த வீடுக்கா!"

"இந்த வீட்டுக்கு நீ எனக்கப்புறம்தானேடா வந்தே?"

தியென்ஸு கையை உதறிக்கொண்டே சிரித்தான். வென்ஷோங் வாசலிலிருந்து ஓவென்று சிரித்தார். லாயும் சிரித்தான். யின்தியும்தான். ஆனால் தியென்ஸுவின் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நின்றது. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் அடுத்த பாறைக்குக் குனிந்திருந்தாள். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் இருந்தாள். தான் இல்லாத வீட்டில் அவள் இருந்த காலம் ஒன்று உண்டு என்பது ஒருவேளை அன்றுதான் அவனுக்கு உறைத்ததோ என்னவோ. அவன் குனிந்து அவளோடு சேர்ந்து பாறையின் மறுமுனையைப் பிடித்தான்.

வெறும் மணல் மட்டும் மிஞ்சிய தொட்டியில் லாய் இரண்டே வீச்சில் மூன்றுபொட்டைப் பிடித்து வாளியில் போட்டான். எவ்வளவு பெரிய கலகக்காரனும் வாளியில் சின்னதாகிவிடுகிறான். பாறைகளைத் திரும்ப அடுக்கினார்கள், முன்பிருந்த மாதிரி இல்லாமல்: குகை இருந்த இடத்தில் சரிவு, சரிவு இருந்த இடத்தில் வளைவு. தண்ணீர் தெளிந்தது. சீலினைக் கிண்ணத்தால் அள்ளி உள்ளே விட்டாள் யின்தி. அது மணலில் இறங்கி, நடப்பதுபோல் நகர்ந்து, ஒரு பாறை விளிம்பில் நின்று எதையோ கொத்தியது. இன்னொரு தடவை கொத்தியது.

"தின்னுது!" என்றான் லாய். தியென்ஸுவின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவன் தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

லாய் மூன்றுபொட்டுக்கான பையை விரித்து, ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வாளிக்குக் குனிந்தான். யின்தி வந்து ரப்பர் வளையத்தை அவன் வாயிலிருந்து எடுத்தாள்.

"பல் டாக்டரைக் காத்திருக்கச் சொல்லு தம்பி. தண்ணியைச் சும்மா ஓடவிட்டா ஒரு மாசத்துல தானா சரியாகிடும்னு நீதானே யாருக்கோ சொல்லிட்டிருந்தே."

"சொன்னேன். ஆனா யாருக்குக்கா பொறுமை இருக்கு? அது சரி, இவனை என்ன செய்யப்போறீங்க?"

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தியென்ஸு எழுந்து நின்றான். "அக்கா, அதைத் திரும்ப உள்ள விட்டா சீலின்..." அவன் குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. அவளுக்கு அது கேட்காமல் இல்லை. அவனுக்காகச் செய்யாத காரியம் என்று அவள் வாழ்க்கையில் அதுவரை ஒன்றும் இல்லை. இப்போதும் அவன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாளியைத் தொட்டிக்கருகே இழுத்தாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இடம் தெரியாத பாறைகளுக்கு நடுவே மூன்றுபொட்டு இரண்டு நாள் மூலையில் ஒளிந்திருந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்து, சீலினை ஒரு கடி கடித்து, உடனே துப்பிவிட்டு, வாயைத் திறந்து மூடியபடி விலகிப் போனது. பிறகு அதன் பக்கமே போகவில்லை. சீலினின் தோல்மேல் ஒரு கசப்புக் கோழை உண்டு, அதை எந்த மீனும் தின்னாது என்று லாய் பிறகு எல்லாரிடமும் சொன்னான், ஆதியிலிருந்தே தெரிந்தவன்போல. தியென்ஸுவுக்கு அடுத்த ஆண்டு ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ஆண்டு பேத்தி பிறந்தாள். அதற்கும் மீனுக்கும் முடிச்சுப் போட்டவன் அவன் ஒருவன்தான். குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டபோது, "அவ அம்மா வெக்கட்டும்" என்று யின்தி சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இவை எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்த மீனைத் திரும்ப உள்ளே விட்டால் தம்பியின் ஆசை கிழிபட்டுப்போகும் என்பதுதான் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது, அவள் உள்பட.

அவள் மூன்றுபொட்டு இருந்த வாளியைத் தொட்டிக்குக் கீழே நிறுத்தினாள். சீலினுக்குப் பயன்படுத்திய மெல்லிய குழாயை எடுத்து, ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாளியின் விளிம்பில் கவ்வி வைத்து, முடிச்சை இறுக்கினாள். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது.

லாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, அவன் இந்தத் தண்ணியிலேயே இருந்தவன்க்கா! வாளியில இருக்கறதும் இதே தண்ணிதான். இதே தண்ணிக்கு இதே தண்ணியைப் பழக்குறீங்களா?"

"நீ கடைக்குப் போ தம்பி, நேரமாச்சு" என்றாள்.

லாய் போனான். வென்ஷோங் விளக்கைப் போட வந்து, போடாமல் நின்றார். தியென்ஸுவின் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் ஒருமுறை கடிகாரம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான், பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாளியில் கருப்பு மீன் அசையாமல் நின்றது. சொட்டு விழும்போதெல்லாம் அதன் கண் மட்டும் மேலே திரும்பியது.

அவள் அவசரப்படவில்லை. ஒரு நல்ல மீனுக்கு ஆகிற நேரம் முழுவதையும் கொடுத்தாள். வாளி நிறைந்தபோது பாதியை இறைத்துவிட்டு மறுபடியும் சொட்டவிட்டாள். அதன் பிறகு இரு கையாலும் கிண்ணத்தை வாளிக்குள் இறக்கி, மீனை அள்ளி, விரல்கள் நீரோடு நீராகும்வரை கிண்ணத்தைத் தொட்டிக்குள் தாழ்த்தி, மெதுவாகச் சாய்த்தாள். அது கடிக்கவில்லை. கொஞ்சநேரம் அவள் கைக்குள்ளேயே நின்றது, பிறகு போனது.

ஏன் அப்படிச் செய்தாள் என்று தம்பி கேட்கவில்லை. வென்ஷோங் பலமுறை கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள்.